பத்திரமாக வைத்துப் பாழாக்கியவர்களுக்கு



வழக்கம்போல நீளமான பதிவு. ஒரு விரலால் மூன்று நாளாகத் தட்டியிருக்கிறேன். பத்து நிமிடம் கொடுங்கள். பரீட்சை கிடையாது, கடைசியில் வீட்டுப்பாடம் மட்டும் உண்டு.

விஷயம் இதுதான். என் மகள் வயிற்றுப் பேத்தி போன வருடம் வேலைக்குச் சேர்ந்தாள். காற்றாலை இறக்கைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஒரு மாதம் ஆரல்வாய்மொழி, அடுத்த மாதம் உடுமலைப்பேட்டை, அதற்கடுத்து குஜராத்தில் கட்ச் என்று சுற்றிக்கொண்டிருக்கிறாள். திருமுல்லைவாயலில் எங்களோடு மாதத்துக்கு நான்கு நாள் இருந்தால் அதிகம். அவளுக்குக் கிட்டார் வாசிக்கப் பிடிக்கும். போகும் இடமெல்லாம் தூக்கிப்போக ஒரு சின்ன கார்பன் ஃபைபர் கிட்டார் வாங்கப் போவதாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன மாதிரி ஒரு கூச்சல்.

என் மைத்துனர் எழுதினார்: "பிளாஸ்டிக் வாளியில கம்பி கட்டின மாதிரி இருக்கு. மரத்துல இருக்கிற ஜீவன் இதுல வருமா?" அண்ணி எழுதினார்: "நகை சேர்க்கிற வயசுல இது என்ன செலவு?" நியூஜெர்சியில் இருக்கும் தம்பி மகன் எழுதினான்: "சீப்பா எதையாவது வாங்காதீங்க பெரியப்பா. இருக்கிறதுலயே பெஸ்ட் எதுவோ அதை நான் அனுப்புறேன்." ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த மூன்றுக்கும் ஒரே நான்கு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். பேத்தி பதிலே எழுதவில்லை.

முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். தப்பான விடையைப் பார்த்தால் கை தானாகச் சிவப்பு மையைத் தேடும். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன். குழுவில் எழுதினால் 'குட்மார்னிங்' படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

முதலில் மச்சானுக்கு.

நீங்கள் சொல்லும் ஜீவன் எந்த மரத்தில் இருக்கிறது? நல்ல கிட்டாருக்கு மேல்பலகையை ஸ்ப்ரூஸ், சீடர் போன்ற மரத்தை மெல்லியதாக இழைத்துச் செய்வார்கள். அதன் நாதத்தை நான் மறுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து வாசிக்க அதற்கு இணை இல்லை என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவேன். ஆனால் நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதல் கிட்டார் என்று ஐந்தாயிரம், ஏழாயிரத்துக்கு வாங்கிக் கொடுக்கிறோமே, அது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. மெல்லிய மரத்தாள்களை நெடுக்கும் குறுக்குமாக அடுக்கி, பசை போட்டு அழுத்தியது. கார்பன் ஃபைபர் கிட்டார் என்பது என்ன? கார்பன் நாரால் நெய்த துணியை அடுக்கடுக்காக அச்சில் படியவைத்து, எப்பாக்ஸிப் பிசினால் இறுக வைத்தது. அங்கே மர நாரும் பசையும். இங்கே கார்பன் நாரும் பிசினும். தத்துவம் ஒன்றே. பசைக்கு ஜீவன் உண்டு, பிசினுக்கு இல்லை என்று எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தீர்கள்?

காலையில் உங்கள் பூஜை அறையில் சுருதி ஒலிக்கிறதே, அது என்ன பலா மரத் தம்பூராவா? உள்ளங்கை அளவு எலக்ட்ரானிக் பெட்டி. தவறென்று சொல்லவில்லை. அந்தப் பெட்டி வந்ததால் தம்பூரா போட ஆள் இல்லாத வீட்டிலும் பிள்ளைகள் சுருதியோடு பாடுகிறார்கள். இருநூறு வருடத்துக்கு முன் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர், வெள்ளைக்காரர் வாத்தியமான வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை உங்களால் நினைத்துப் பார்க்க முடியுமா? வாத்தியம் எந்த ஊர், எந்தப் பொருள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் சங்கீதம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். போன வருடம் மகனைப் பார்க்க டிரீம்லைனர் 787 விமானத்தில் பறந்தீர்கள். அந்த விமானத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கூட்டுப்பொருள். அதில் பெரும்பகுதி கார்பன் நார்தான். நாற்பதாயிரம் அடி உயரத்தில் உங்கள் உயிரை அதில் ஒப்படைத்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்கினீர்கள். ஆறு கம்பி கட்ட மட்டும் அது லாயக்கில்லையா?

'பிளாஸ்டிக்' என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல் என்னைக் குத்தியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோல்டிங் மெஷின் முன்னால் நின்று குடும்பத்தைக் கரைசேர்த்த மாணவர்கள் எனக்கு எத்தனையோ பேர். அச்சில் வார்த்த பொருள் என்றாலே மட்டம் என்று எப்போது முடிவு செய்தோம்? பேத்தி தினமும் தட்டிப் பார்க்கிற காற்றாலை இறக்கையும் நாரும் பிசினும்தான். பெரும்பாலும் கண்ணாடி நார். மிக நீளமான இறக்கைகளில் உள்ளே கார்பன் நாரும் உண்டு. எங்கே விரிசல் விடும், எவ்வளவு வளையும் என்பது அவளுக்குத் தெரியும். இந்தக் குடும்பத்தில் இந்தப் பொருளைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவள் அவள் ஒருத்திதான். அவள்தான் வாயைத் திறக்கவில்லை.

சரி, ஜீவனை விடுங்கள். நம் ஊர்க் காற்றுக்கு வருவோம்.

மர கிட்டாரைக் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கும்படி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அது சர்வசாதாரணமாக 80ஐத் தாண்டும். சுவரே வியர்க்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி. நடுவில் ராத்திரி முழுக்க ஏசி போட்டு அறையைக் காயவிடுகிறோம். மரம் ஈரத்தைக் குடித்தால் நாருக்குக் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் ஆறு எஃகுக் கம்பிகளின் இழுவிசை மொத்தம் சுமார் 70 கிலோ. ஒரு ஆள் இரவும் பகலும் அதைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. கழுத்து வளையாமல் என்ன செய்யும்? கார்பன் நாருக்கு இந்த ஈரக் கணக்கு கிடையாது.

இதை முதலில் உணர்ந்தவர்களும் நம்மைப் போலக் கடற்கரைக்காரர்கள்தான். ஹவாயில் மாவி தீவில் இருந்த ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர், அந்த ஊர் ஈரத்துக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்க முழுவதும் கார்பன் நாரில் கிட்டார் செய்யக் கிளம்பினார். 'ரெயின்சாங்' என்று பெயர் வைத்தார். மழைப்பாட்டு! அதற்கும் முன்னால் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்லஸ் காமன், 1966இல் கண்ணாடி நார் முதுகு வைத்த ஓவேஷன் கிட்டாரைக் கொண்டுவந்தார். பத்து வருடம் கழித்து, மேல்பலகையையே கார்பனில் செய்த 'அடாமஸ்' வந்தது. ஆக, இது நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளான் அல்ல. ஐம்பது வருடச் சரித்திரம் உண்டு.

அடுத்து அண்ணிக்கு. ஒரே வரி. அவள் சம்பளம், அவள் செலவு. கூடுதலாக இன்னொரு வரி: நீங்கள் சேர்க்கச் சொல்கிற நகை வருடத்துக்கு மூன்று நாள் வெளியே வரும்; மீதி நாளெல்லாம் லாக்கரில் தூங்கும். இந்தப் 'பத்திரம்' என்கிற வியாதியைப் பற்றித்தான் கடைசியில் பேசப்போகிறேன்.

இப்போது நியூஜெர்சிக்கு. தம்பி, உன் மனசு பெரிது. ஆனால் 'இருக்கிறதிலேயே பெஸ்ட்' என்பது ஒரு விடை அல்ல. எதற்கு, யாருக்கு, எங்கே என்று கேட்காமல் விடை எழுதினால் நான் முட்டைதான் போடுவேன். வாங்கப் போகிற மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று, கேட்க வேண்டிய கேள்விகளை எழுதுகிறேன்.

ஒன்று. துணியா, தூளா? கார்பன் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. நெய்த கார்பன் துணியை அடுக்கிச் செய்தது ஒரு வகை. அயர்லாந்தின் எமரால்ட், அமெரிக்காவின் ரெயின்சாங், மெக்ஃபர்சன் எல்லாம் இந்த ஜாதி, விலையும் அப்படி. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கோடு பொடிநாராக நறுக்கிய கார்பனைக் கலந்து அச்சில் செலுத்தி எடுப்பது இன்னொரு வகை. எனியாவின் 'நோவா கோ' இந்த ரகம். முதல் வகையின் விலையில் இரண்டாவதைப் பல வாங்கலாம். இரண்டாவது வகை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே பெயரில் கூவி, ஒன்றின் பெருமையை மற்றதன் விலைச்சீட்டில் ஒட்டுவதுதான் ஏமாற்று.

இரண்டு. கழுத்து எதனால் ஆனது? உடம்பு கார்பன், கழுத்து மரம் என்று கலந்து செய்வதும் உண்டு. அப்படியானால் ஈரத்தால் வரும் தொல்லை பாதிதான் தீர்ந்தது. கழுத்தின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். சில முழுக் கார்பன் கிட்டார்களில் அது இருக்காது. வாங்கும்போது கம்பியின் உயரம் கைக்கு இதமாக இல்லையென்றால் பிறகு சரிசெய்யும் வழிகள் குறைவு.

மூன்று. கம்பியின் நீளம். என் மாணவர்கள் யாரும் இதை மறந்திருக்கக் கூடாது. அதிர்வெண், நீளத்துக்கு எதிர்விகிதம். இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். பெரிய கிட்டாரில் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். சின்னதில் 580 என்று வைத்துக்கொள்வோம். அதே கம்பியை அதே சுருதிக்குக் கட்டினால் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும். விரலுக்குச் சுகம், ஆனால் கம்பி கொஞ்சம் தளதளவென்று இருக்கும். சற்றுத் தடித்த கம்பி போட்டால் சரியாகும். உடம்பு சின்னது என்பதால் உள்ளே காற்றும் குறைவு. ஆறாவது கம்பியின் 82 ஹெர்ட்ஸ் பெரிய கிட்டாரைப் போல வயிற்றில் அதிராது. இது கார்பனின் குற்றமல்ல, அளவின் குற்றம். மரத்தில் அதே அளவுக்குச் செய்தாலும் இதே கதைதான்.

நான்கு. எதில் போகப் போகிறாய்? காலை எட்டரை மணிக்கு ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் லோக்கலில், முதுகில் கிட்டாரோடு ஏறிப் பாருங்கள். நாம் திரும்பினால் அதன் கழுத்து பின்னால் இருப்பவரின் கண்ணாடியைத் தட்டும். விமானத்தில் கைப்பை என்றால் நம் உள்நாட்டு விமானங்களில் பொதுவாக 7 கிலோ; நீளம், அகலம், உயரம் கூட்டி 115 சென்டிமீட்டர். சின்ன கிட்டாரே 90 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கவுன்டரில் இருப்பவர் மனசு வைத்தால் உண்டு, இல்லையென்றால் சாமான் அறைதான். கழுத்தைக் கழற்றிப் பைக்குள் வைக்கிற வகையும் இருக்கிறது. ஜர்னி என்ற நிறுவனம் அதற்கே பேர்போனது. சாமான் அறைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு டேவ் கேரல் என்ற கனடா நாட்டுப் பாடகர் சாட்சி. 2008இல் அவருடைய கிட்டாரை விமானத்தில் உடைத்தார்கள். மாதக்கணக்கில் அலைந்தும் நஷ்டஈடு கிடைக்காமல், அடுத்த வருடம் அதையே பாட்டாகப் பாடி யூடியூபில் போட்டு உலகத்திடம் நியாயம் கேட்டார்.

ஐந்து. பழுது பார்ப்பது. மரத்தில் விரிசல் விட்டால் ஒட்டுவதற்கு ஆள் கிடைப்பார். கார்பன் உடம்பு உடைந்தால் பக்கத்துத் தெருவில் யாரும் தொட மாட்டார்கள். அது எளிதில் உடையாது என்பது வேறு விஷயம். வெயிலில் பூட்டிய ஜீப்புக்குள் அதையும் போட்டுவைக்கக் கூடாது. நார் தாங்கும், நாரைப் பிடித்திருக்கும் பிசினுக்கும் பசைக்கும் ஒரு எல்லை உண்டு.

இவ்வளவும் எழுதிவிட்டு, நெய்த கார்பன் துணியில் செய்த, கழுத்தும் கார்பனான ஒன்றை வாங்கச் சொல்லிப் பேத்திக்குத் தனியாக அனுப்பினேன். பாதிப் பணம் நான் போடுவதாகவும் சொன்னேன். ஏன் அப்படி வலியச் சொன்னேன் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. குடும்பத்தில் பலருக்குத் தெரியாது.

1993இல் என் மகளுக்கு ஒரு கிட்டார் வாங்கினேன். கல்கத்தாவில் செய்தது. விடைத்தாள் திருத்திய பணத்தில் மவுண்ட் ரோடில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தேன். பெரம்பூரில் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவரிடம் மூன்று வருடம் கற்றுக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் நான்தான் லோக்கலில் கூட்டிப்போவேன். நன்றாகவே வாசித்தாள். 1996இல் கல்லூரிக்காகக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பியபோது, "அப்பா, கிட்டாரை எடுத்துட்டுப் போறேன்பா" என்றாள். "வேண்டாம்மா. ஹாஸ்டல்ல உடைச்சிடுவாங்க. இங்கேயே பத்திரமா இருக்கட்டும்" என்றேன். எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை அவள். நானே உறை போட்டு பீரோ மேலே ஏற்றினேன்.

கம்பியைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்று இயற்பியல் வாத்தியாருக்குத் தோன்றவில்லை. எழுபது கிலோ இழுவிசை. நான்கு மழைக்காலம், நான்கு கோடை. படிப்பு முடித்து வந்து அவள் இறக்கிப் பார்த்தபோது பிரிட்ஜ் பெயர்ந்து எழும்பியிருந்தது, மேல்பலகை உப்பியிருந்தது. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகும். ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். விரலை உதறிக்கொண்டாள். மறுபடி உறையில் போட்டு அவளே பீரோ மேலே வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் கிட்டார் தொட்டு நான் பார்க்கவில்லை.

ஹாஸ்டலில் அது உடைந்திருக்கலாம். உடைந்தே இருக்கட்டும். நான்கு வருடம் வாசித்து உடைந்திருக்கும் அல்லவா? என் வீட்டில் ஒருவரும் வாசிக்காமல் உடைந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விசையும் இழுவிசையும் நடத்தியவன், பெற்ற பெண்ணின் கையில் இருந்ததைப் பத்திரப்படுத்தியே பறித்தேன்.

அதனால்தான் சொல்கிறேன் மச்சான். நீங்கள் ஜீவன் என்று எதைச் சொல்கிறீர்களோ தெரியாது. எனக்குத் தெரிந்து கிட்டாரின் ஜீவன் அதை எடுத்து வாசிக்கிற கையில் இருக்கிறது. கைக்கு எட்டாத உயரத்தில் வைத்த உயர்ந்த மரத்தைவிட, ஜீப்பின் பின்சீட்டில் கிடந்து தினமும் வாசிக்கப்படுகிற அச்சுவார்ப்பு மேலானது.

என் செய்திக்குப் பேத்தி இரண்டு நாள் கழித்துப் பதில் அனுப்பினாள். "தாத்தா, உங்க கணக்கெல்லாம் சரி. ஆனா நீங்க சொல்றதை வாங்கினா, உடைஞ்சிடுமோங்கிற பயம் போயி திருடு போயிடுமோங்கிற பயம் வந்துடும். லாட்ஜ் ரூம்ல பூட்டி வெச்சிட்டு சைட்டுக்குப் போவேன். அப்புறம் உங்க பீரோவுக்கும் என் லாட்ஜுக்கும் என்ன வித்தியாசம்?" அச்சில் வார்த்த மலிவு வகையையே சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டாள். தொலைந்தால் ஒரு நாள் வருத்தப்பட்டுவிட்டு மறுபடி வாங்கக்கூடிய விலை. பயணத்துக்கான கிட்டாருக்கு அதுதான் சரியான விலை என்பது, ஐந்து கேள்வி எழுதிய எனக்கு உறைக்கவில்லை. ஆறாவது கேள்வியை அவள் சேர்த்தாள். முழு மதிப்பெண்.

கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் அந்தக் கிட்டார் எங்கள் கூடத்தில், சோபாவில் சாய்ந்து கிடந்தது. உறைகூட இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை, சிரமப்பட்டுத்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் என் மகள் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கம்பி தாழ்வாத்தான் இருக்கு" என்றாள். ஞாபகம் இருந்த மூன்று நான்கு கார்டுகளை மெதுவாக மீட்டினாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் செய்தித்தாளை மடக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுப்பாடம். இன்று ராத்திரி தூங்கப் போகும் முன் உங்கள் வீட்டு பீரோ மேலே என்ன இருக்கிறது என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்கள். வயலினோ வீணையோ, பெண்ணின் சலங்கையோ, பையனின் கேமராவோ, எதுவாக இருந்தாலும் இறக்குங்கள். தூசியைத் துடைத்து, உரியவரின் கையில் கொடுங்கள். உடைத்தால் உடைக்கட்டும்.

கருத்துகளைக் கீழே எழுதுங்கள். மச்சான் நிச்சயம் எழுதுவார். திட்டுவதாக இருந்தாலும் ஒற்றுப்பிழை இல்லாமல் திட்டவும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்
திருமுல்லைவாயல்